இரண்டே இன்ஜினோடு கடலைத் தாண்ட யார் அனுமதித்தார்கள்?

[திரையில்: வங்காள விரிகுடா வரைபடம். சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒரு கோடு.]

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் விமானத்தில் ஏறியிருக்கிறீர்களா? (இப்போது ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பழக்கதோஷத்தில் நான் போர்ட் பிளேர் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.) மொத்தம் சுமார் 1,370 கிலோமீட்டர். நடுவழியில் ஒரு புள்ளி வரும், அங்கிருந்து சென்னைக்கும் 685 கிலோமீட்டர், போர்ட் பிளேருக்கும் 685 கிலோமீட்டர், கீழே பார்த்தால் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் விமானத்துக்கோ இரண்டே இன்ஜின்.

அந்தப் புள்ளியில் ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும்?

விழாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இன்ஜினோடு அதே உயரத்தில் நிற்க முடியாது, மெதுவாக இறங்கி, காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும் ஓர் உயரத்தில் போய் நிலைத்துக்கொள்ளும், வேகமும் குறையும். அப்படிக் குறைந்த பிறகும் மணிக்கு 700 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். அதாவது நடுக்கடலிலிருந்து ஏதாவது ஒரு கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

இந்த ஒரு மணி நேரம் தற்செயலான கணக்கு அல்ல. இன்றைய வீடியோவே அதைப் பற்றித்தான்.

[திரையில்: 1953. ஒவ்வொரு விமான நிலையத்தைச் சுற்றியும் ஒரு வட்டம்.]

1953-இல் அமெரிக்காவில் ஒரு விதி போட்டார்கள். இரண்டு இன்ஜின் விமானமோ மூன்று இன்ஜின் விமானமோ, தன் பாதையில் எந்த இடத்தில் இருந்தாலும், ஒரு இன்ஜின் நின்ற நிலையில் பறந்து 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும்படி இருக்க வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு விமான நிலையத்தையும் மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். பாதை முழுக்க வட்டங்களுக்குள்ளேயே இருந்தால் போகலாம், ஓர் இடத்தில் வெளியே எட்டிப் பார்த்தால்கூட, சுற்றித்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்துக்கு இது நியாயமான விதிதான். அன்றைய பெரிய விமானங்களில் இருந்தவை பிஸ்டன் இன்ஜின்கள், நம் பைக் இன்ஜினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், சிலவற்றில் 28 சிலிண்டர். நடுவானில் ஒன்றை நிறுத்திவிட்டு வருவது அப்போது பெரிய செய்தியே இல்லை. நான்கு இன்ஜின் கொண்ட கான்ஸ்டலேஷனை "உலகத்திலேயே சிறந்த மூன்று இன்ஜின் விமானம்" என்று கிண்டல் செய்வார்கள்.

1956 அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பான் அமெரிக்கனின் ஸ்ட்ராடோகுரூசர் விமானம் ஹொனலுலுவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கு இன்ஜின், 31 பேர். நடுப் பசிபிக்கில், நள்ளிரவு தாண்டி, ஒரு இன்ஜினின் புரொப்பெல்லர் கட்டுப்பாட்டை மீறிச் சுழல ஆரம்பித்தது, அப்புறம் இன்னொரு இன்ஜினும் போயிற்று. இரண்டு கரைக்கும் போய்ச்சேர எரிபொருள் போதாது. கீழே அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் போன்ட்சார்ட்ரெயின் கப்பல் நின்றிருந்தது. கேப்டன் ரிச்சர்ட் ஆக் இருட்டில் இறங்கத் துணியவில்லை, விடியும்வரை கப்பலின் தலைக்கு மேலேயே வட்டமடித்தார். கடலில் இறங்கினால் இந்த ரக விமானத்தின் வால் உடையும் என்று அவருக்குத் தெரியும், அதனால் பின்னால் இருந்தவர்களை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். விடிந்ததும் கப்பல்காரர்கள் தண்ணீரில் நுரையைக் கொட்டி ஓடுபாதை மாதிரி கோடு போட்டுக் கொடுக்க, அவர் இறக்கினார். வால் உடையத்தான் உடைந்தது. 31 பேரும் பிழைத்தார்கள்.

இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

[திரையில்: ஜெட் இன்ஜினின் குறுக்குவெட்டுப் படம்.]

அப்புறம் ஜெட் வந்தது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன்கள் போய், எல்லாமே ஒரே திசையில் சுழலும் இன்ஜின். இன்ஜின் நின்றுபோவது அரிதான சம்பவமாக ஆனது. ஆனால் விதி மட்டும் 1953-இலேயே நின்றது. 1964-இல் மூன்று இன்ஜின் ஜெட்டுகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், இரண்டு இன்ஜினுக்குக் கொடுக்கவில்லை. டிசி-10, டிரைஸ்டார் மாதிரி, வாலில் ஒரு இன்ஜினைச் செருகிய விமானங்கள் அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போனதற்கு இந்த விலக்கு ஒரு முக்கியக் காரணம். சட்டப் புத்தகத்தின் ஒரே ஒரு வரி விமானத்தின் உருவத்தில் கை வைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே 90 நிமிடம் வரை இடம் இருந்தது. 1976-இல் ஏர்பஸ் ஏ300 இரண்டே இன்ஜினோடு அந்த 90 நிமிடக் கணக்கில் வட அட்லான்டிக்கைத் தாண்டியது, நம் வங்காள விரிகுடாவையும் தாண்டியது.

அமெரிக்காவில் போயிங் நிறுவனம் இரண்டு இன்ஜின் கொண்ட 767-ஐத் தயாரித்து வைத்துக்கொண்டு, எங்களுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டது. அப்போது அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ-வின் தலைவராக இருந்த லின் ஹெல்ம்ஸ், போயிங் அதிகாரியிடம், நரகம் குளிர்ந்துபோகும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி பதில் சொன்னதாக இந்தத் துறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நம் ஊரில் சொன்னால், அத்தைக்கு மீசை முளைக்கட்டும், பார்க்கலாம்.

மீசை 1985-இல் முளைத்தது. டி.டபிள்யூ.ஏ நிறுவனத்தின் 767 அட்லான்டிக்கைத் தாண்ட ஆரம்பித்தது, அதே வருடம் 120 நிமிட அனுமதி வந்தது. 1988-இல் 180 நிமிடம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஈடாப்ஸ் (ETOPS), இரண்டு இன்ஜின் விமானங்களின் நீட்டிக்கப்பட்ட தூரப் பயணம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். விமானிகள் அந்த எழுத்துகளுக்கு வைத்த விளக்கம் வேறு: "இன்ஜின் சுற்றணும், இல்லேன்னா பயணிகள் நீந்தணும்."

சரி, எந்த தைரியத்தில் 60-ஐ 180 ஆக்கினார்கள்?

[திரையில்: கரும்பலகை, சாக்பீஸ் கணக்கு.]

180 நிமிட அனுமதி வேண்டுமென்றால், அந்த ரக இன்ஜின்கள் பறக்கும்போது நின்றுபோவது 1,000 இன்ஜின் மணி நேரத்துக்கு 0.02 தடவைக்குள் இருக்க வேண்டும். அதாவது 50,000 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இதை வைத்து நாமே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 8 மணி நேரப் பயணம், இரண்டு இன்ஜின். ஏதாவது ஒன்று நிற்பதற்கான வாய்ப்பு 50,000-இல் 16. நின்ற பிறகு 3 மணி நேரம் ஒற்றை இன்ஜினில் போகிறோம், அந்த 3 மணி நேரத்தில் மற்றதும் நிற்பதற்கு 50,000-இல் 3. இரண்டையும் பெருக்கினால் சுமார் 5 கோடிப் பயணங்களுக்கு ஒரு தடவை. தினமும் பறந்தாலும் எத்தனை ஜென்மம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெருக்கினோமே, அங்கேதான். ஒரு இன்ஜின் நின்றதற்கும் மற்றது நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றால்தான் பெருக்கலாம். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒன்றுக்கு இரண்டாக மோட்டார் வாங்கி, இரண்டையும் ஒரே கிணற்றில் இறக்கினால், கிணறு வற்றும் நாளில் இரண்டும் சேர்ந்து காற்றைத்தான் உறிஞ்சும். மூன்றாவது மோட்டார் வாங்கினாலும் அதே கதிதான்.

மூன்று வைத்திருந்தும் நடந்தது. 1983 மே 5, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிரைஸ்டார், மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் நகரத்துக்குச் சின்னப் பயணம், 172 பேர். நடு இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தது. அதை நிறுத்திவிட்டு மியாமிக்கே திரும்பினார்கள். திரும்பும் வழியில் மற்ற இரண்டிலும் எண்ணெய் காலி என்று காட்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிக் காலியாகும், மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று விமானிகள் நினைத்தார்கள், அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. இரண்டும் அடுத்தடுத்து நின்றன. ஒரு இன்ஜினும் இல்லாமல் கடலை நோக்கி இறங்கிக்கொண்டே, முதலில் நிறுத்திய நடு இன்ஜினை மறுபடியும் கிளப்பி, அந்த ஒன்றை வைத்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

காரணம் என்ன தெரியுமா? எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு இன்ஜினிலும் காந்தம் வைத்த ஒரு செருகி உண்டு. முந்தைய இரவு பராமரிப்பில் மூன்றையும் கழற்றிப் புதிதாகப் போட்டபோது, ரப்பர் வளையம் இல்லாமலே மாட்டிவிட்டார்கள். மூன்று இன்ஜினிலும் அதே தவறு.

ஈடாப்ஸ் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கான மருந்துதான்: ஒரே மெக்கானிக் ஒரே நேரத்தில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துப் புது உலோகம் கண்டுபிடிப்பதெல்லாம் இல்லை, இடது பக்கம் தொட்ட கை வலது பக்கம் தொடாதே, அவ்வளவுதான்.

விமானத்துக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. இன்ஜின் நின்றால் அதோடு சேர்ந்த ஜெனரேட்டரும் போகும், அதனால் மின்சாரத்துக்கு இன்னொரு வழி வேண்டும். 767-இல் ஹைட்ராலிக் அழுத்தத்தில் ஓடும் ஒரு கூடுதல் ஜெனரேட்டரை இதற்காகவே வைத்தார்கள். வாலில் இருக்கும் சின்னத் துணை இன்ஜின், பல மணி நேரம் குளிரில் விறைத்துக் கிடந்த பிறகும் நடுவானில் கிளம்ப வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் அதை அடக்கும் ஹேலான் வாயு, திருப்பிவிடும் நேரத்துக்கு மேல் இன்னும் 15 நிமிடம் தாங்க வேண்டும், 180 நிமிட அனுமதி என்றால் 195. உண்மையில் பல பாதைகளில் கட்டை போடுவது இன்ஜின் இல்லை, இந்தத் தீயணைப்பு வாயுதான். நெருப்புக்கு எத்தனை இன்ஜின் என்ற கணக்கெல்லாம் தெரியாது.

இன்னொன்று: விமானத்துக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினால் போதாது, அதை ஓட்டும் நிறுவனமும் தனியாக அனுமதி வாங்க வேண்டும், பராமரிப்பு மோசமானால் அது பறிபோகும்.

[திரையில்: சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலுலுவுக்கு ஒரு கோடு.]

இப்போது அந்தப் பழைய வழிக்குத் திரும்புவோம். ஹவாய் வழி சுமார் 3,850 கிலோமீட்டர், நடுவில் இறங்க ஒரு தீவு கிடையாது. பாதி 1,925. 120 நிமிடத்தில் எட்டாது, 180-இல் எட்டும். ஸ்ட்ராடோகுரூசர் நான்கு இன்ஜினோடு கடலில் இறங்கிய அதே வழியில், இன்று 737-களும் ஏ321-களும் இரண்டே இன்ஜினோடு தினமும் போய்வருகின்றன.

1995-இல் வந்த 777 சேவையைத் தொடங்கும் முன்பே அமெரிக்காவில் 180 நிமிட அனுமதியைக் கையில் வைத்திருந்தது. அதற்குமுன் புது ரகம் சில காலம் ஓடிக் காட்டிய பிறகே அனுமதி. இதை அன்று பலர் விமர்சித்தார்கள், எனக்கும் அது கொஞ்சம் அவசரமாகத்தான் தெரிகிறது, ஆனால் 777-இன் வரலாறு அந்த அவசரத்துக்குச் சாதகமாகவே அமைந்துவிட்டது. 2003 மார்ச்சில் யுனைடெட் நிறுவனத்தின் 777 ஒன்று தென் பசிபிக்கின் மேல் ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு, மற்றதிலேயே 177 நிமிடம் பறந்து ஹவாயின் கோனாவில் இறங்கியது.

நான்கு இன்ஜின் கட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஏர்பஸ் ஏ340-ஐ விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நீண்ட தூரத்துக்கு நான்கு இன்ஜின் என்ற வாசகத்தை வர்ஜின் அட்லான்டிக் தன் விமானங்களின் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது. (பிற்பாடு அவர்களே இரண்டு இன்ஜின் 787-உம் ஏ350-உம் வாங்கினார்கள், வாசகத்தை அழிக்கப் பெயின்ட் எவ்வளவு ஆனதோ.) அவர்கள் வாதத்துக்கு ஒரு பெரிய இடைஞ்சல், 1982-இல் ஜாவாவுக்கு அருகே நடந்தது. கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-இன் நான்கு இன்ஜினும் நின்றுபோயின. சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகுதான் மறுபடி கிளம்பின. மறுபடியும் அதே கிணறு.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட்டின் ஏ330, டொரொன்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போகும்போது அட்லான்டிக்கின் மேல் இரண்டு இன்ஜினையும் இழந்தது. வலது இன்ஜினை மாற்றியபோது பொருந்தாத குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள், அது எரிபொருள் குழாயை உரசி உடைத்தது. எரிபொருள் குறைவதைப் பார்த்த விமானிகள் மறுபக்கத் தொட்டியிலிருந்து எடுத்துவிட, அதுவும் அதே உடைப்பு வழியாகக் கடலுக்குப் போனது. 306 பேரோடு ஏறக்குறைய 19 நிமிடம் வெறுமனே சறுக்கிக்கொண்டே வந்து, அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸில் இறக்கினார்கள், எல்லோரும் தப்பினார்கள். நான்கு இன்ஜின் இருந்தாலும் தொட்டி காலியானால் காலிதான். ஆனால் எட்டும் தூரத்தில் ஒரு ஓடுபாதை இருந்தது.

2007-இல் எஃப்.ஏ.ஏ விதியைத் திருத்தியபோது, 180 நிமிடத்தைத் தாண்டிப் போகும் மூன்று, நான்கு இன்ஜின் பயணிகள் விமானங்களையும் இதற்குள் கொண்டுவந்தது. 2014-இல் 787-க்கு 330 நிமிடம், ஏ350-க்கு ஐரோப்பாவில் 370 நிமிடம் வரை. ஆறு மணி நேரத்துக்கும் மேல், ஒற்றை இன்ஜினில்! ஏ340 உற்பத்தி 2011-இல் நின்றது, ஏ380 2021-இல், கடைசி 747 2023-இல் ஒப்படைக்கப்பட்டது.

[திரையில்: பனி மூடிய ஓடுபாதை.]

விதிப் புத்தகத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இறங்கிய பிறகு என்ன செய்வது? துருவப் பகுதி வழியாகப் போகும் நிறுவனங்கள், இறக்கிவிட்ட பயணிகளை எப்படிப் பாதுகாத்து மீட்டுவருவோம் என்றும் எழுதிக் காட்ட வேண்டும். 2017 பிப்ரவரியில் சூரிக்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன சுவிஸ் நிறுவனத்தின் 777, ஒரு இன்ஜின் நின்றுபோய்க் கனடாவின் வடக்குப் பகுதியில் இருக்கும் இகாலுவிட்டில் இறங்கியது. சின்ன ஊர், உறைய வைக்கும் குளிர். வேறு விமானம் வரும்வரை பயணிகள் மணிக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பயணிகள் போன பிறகும் விமானம் அங்கேயே கிடந்தது. புது இன்ஜினை இன்னொரு விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, கூடாரம் அடித்துச் சூடேற்றி, அந்தப் பனியிலேயே மாற்றினார்கள். அப்புறம் அது இரண்டு இன்ஜினோடு கிளம்பி, அதே கடலைத் தாண்டி வீட்டுக்குப் போயிற்று.