இது யார் கை?

[காட்சி: பழைய மரச்சட்டத்துக்குள் ஒரு கண்ணாடி ஓவியம். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்தப் படத்தைப் பாருங்க. தவழ்ற கிருஷ்ணன், கையில வெண்ணெய். கும்பகோணத்துல ஒரு பழைய வீட்டை இடிக்கிறப்போ, ஓட்டைப் பாத்திரங்களோட இதுவும் காயலான் கடைக்குப் போக இருந்துச்சு. இப்போ எங்க கேலரியில இருக்கு. கேலரின்னா ஒரு ஓட்டு வீட்டோட ரேழியும் கூடமும்தான். இருபது படம் மாட்டினா சுவர் முடிஞ்சிடும்.

இதை வரைஞ்சது யாரு? இவ்வளவு சின்ன இடத்தால அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

[காட்சி: சட்டத்தைத் திருப்பி மேஜையில் வைக்கிறோம்.]

முதல் வேலை, படத்தைத் திருப்புறது. பின்னால அடைச்ச அட்டை, உள்ளே வச்ச செய்தித்தாள், பிரேம் போட்ட கடையோட சீட்டு. ஊரும் காலமும் பெரும்பாலும் அங்கேயே கிடைச்சிடும். வரைஞ்சவர் பேர்தான் கிடைக்காது.

தஞ்சாவூர் கண்ணாடி ஓவியத்தைக் கண்ணாடியோட பின்பக்கத்துல வரைவாங்க, நாம முன்னால இருந்து பார்ப்போம். அதனால வேலையோட வரிசையே தலைகீழ். காகிதத்துல கடைசியா வைக்கிற கண்மணி, நகைப் புள்ளி, கோடு எல்லாம் இங்கே முதல்ல வரும். அப்புறம் மேனி நிறம், துணி, கடைசியா பின்னணி. மேல வண்ணம் ஏறிட்டா கண்ணைத் திருத்த வழியே கிடையாது. பேர் எழுதணும்னாலும் எழுத்தைத் திருப்பித்தான் எழுதணும். ஆனா அதுக்காக யாரும் பேரை விட்டிருக்க மாட்டாங்க. பூஜை அறைக்குப் போற படம், சாமி பக்கத்துல நம்ம பேர் எதுக்குன்னு நினைச்சிருப்பாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ஓவியத்தோட பின்பக்கத்துல ஈரத்துணி படவே கூடாது. ஆரம்பத்துல இது தெரியாம நான் ஒரு அம்மன் படத்தைத் துடைச்சேன். பாதி முகம் துணியோட வந்துடுச்சு. அந்தப் படத்தை இன்னும் வச்சிருக்கேன், மாட்ட மனசு வரலை.

[காட்சி: திருவாரூர் தியாகராஜர் கோயில், தேவாசிரிய மண்டபம்.]

நம்ம பக்கத்து ஓவியர் யாருமே பேர் போட்டதில்லையான்னா, போட்டிருக்காங்க. இந்த மண்டபத்து விதானத்துல முசுகுந்த சக்கரவர்த்தி கதை. இந்திரன் ஒரே மாதிரி ஏழு தியாகராஜரைக் காட்ட, அசல் எதுன்னு அவர் கண்டுபிடிச்ச கதை. படத்துக்குப் படம் தமிழ்ல விளக்கம் எழுதியிருக்கு. வரைஞ்சவர் தன் உருவத்தையும் வரைஞ்சு பேரையும் எழுதியிருக்கார்: சிங்காதனம். சுமார் 300 வருஷம் கழிச்சும் அந்தப் பேர் நமக்குத் தெரியுது. அதே தஞ்சை மண்ணுல இருந்து லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வரைக்கும் போன கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஓவியங்களைப் பாருங்க. பெரும்பாலானதுல வரைஞ்சவர் பேர் கிடையாது.

[காட்சி: மறுபடியும் கிருஷ்ணன். இடது கண், மிக நெருக்கத்தில்.]

இமைக்கோட்டைப் பாருங்க. ஒரே இழுப்பு. வால் முடியுற இடத்துல ஒரு சின்னக் கொக்கி, மேல ஏறி உள்ளே மடங்குது. நாங்க இதைக் கவனிக்கவே இல்லை. காட்டிக் கொடுத்தவர் ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். மார்க்கெட்டுக்குப் போற வழியில பையோட உள்ளே வந்தார். ரொம்ப நேரம் நின்னார். "இது எங்க டிராயிங் மாஸ்டர் கைங்க. இந்தக் கொக்கியை அவர் போர்டுல சாக்பீஸ்லகூட போடுவார்"னார்.

பெரிய மியூசியத்துல படம் இருக்கும், பாதுகாப்பு இருக்கும். காய்கறிப் பையோட இப்படி ஒருத்தர் உள்ளே வரமாட்டார். "இது யார் கை"ன்னு சொல்லத் தெரிஞ்சவங்க இந்தத் தெருக்கள்லதான் இருக்காங்க. அவங்களுக்கும் வயசாகுது.

கும்பகோணம் ஓவியப் பள்ளியில படிச்ச கோபுலுவை எல்லாருக்கும் தெரியும். 1924ல தஞ்சாவூர்ல பிறந்தவர், சென்னைக்குப் போனார், பத்திரிகை அவர் கோட்டோவியத்தை வீடு வீடா கொண்டு சேர்த்துச்சு. ஊரோடவே இருந்துட்டவங்க பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர் ஆனாங்க. நாடகத்துக்குப் படுதா எழுதினாங்க, போட்டோ ஸ்டூடியோவுக்குப் பின்திரை எழுதினாங்க, கடைக்குப் போர்டு எழுதினாங்க. படுதா கிழிஞ்சுது. போர்டு மேல பிளெக்ஸ் ஏறிடுச்சு.

ஒருத்தர் சொன்னார்னு உடனே பேரைப் போட்டுட மாட்டோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ரெண்டு பேர் அதே பேரைச் சொல்லணும். அவர் கைன்னு உறுதியான வேற ஒரு படமும் பக்கத்துல வச்சுப் பார்க்கக் கிடைக்கணும். அதுவரைக்கும் சீட்டுல "இன்னார் கையாக இருக்கலாம்"னு பென்சில்ல எழுதி வைப்போம். உங்க வீட்டுப் பரண்ல பழைய படம் ஏதாவது இருந்தா, முன்னாலயும் பின்னாலயும் ஒரு போட்டோ எடுங்க. பிரேமைக் கழட்டாதீங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, அவங்க சொல்றதை அப்படியே ரெக்கார்டு பண்ணுங்க.

[காட்சி: கூடத்தில் ஓர் அம்மா, படத்தின் முன்னால்.]

இவங்க அந்த மாஸ்டரோட மகள். அப்பா வரைஞ்ச ஒரு முருகன் படத்தைப் புடவையில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சோம். அதே கொக்கி. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அவங்கதான் சொன்னாங்க: "காலையில உட்கார்ந்தார்னா, ரெண்டு கண்ணும் முடியாம அப்பா காபியைத் தொட மாட்டார். அம்மா மூணு தரம் சூடு பண்ணுவாங்க."