பழைய லேத் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டைப் பார்க்காதீர்கள்

[காட்சி: எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஒரு லேத். ஒரு கை பழந்துணியால் பெட்டை, அதாவது மெஷினின் நீளமான அடித்தளத்தை, துடைக்கிறது.]

வணக்கம். பட்டறைக்கு ஒரு பழைய லேத் (கடைசல் மெஷின்) பார்த்து வைத்திருக்கிறீர்கள், வாங்கலாமா என்று மனது அலைபாய்கிறது. சரி, பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளில், ஆறு மாதமாக வெளியே கொடுத்துக் கடைந்து வாங்கிய ஜாப்களை எழுதுங்கள். புஷ், பின், ஷாஃப்ட், புல்லி, எதுவானாலும் விட்டமும் நீளமும் சேர்த்து.

அந்தத் தாள்தான் உங்களுக்கு என்ன அளவு மெஷின் வேண்டும் என்று சொல்லும். விற்பவர் சொல்வது பெரும்பாலும் பெட்டுக்கு மேல் சுற்றக்கூடிய ஜாப்பின் அதிகபட்ச விட்டம். நீளமான ஷாஃப்ட் கடையும்போது ஜாப் கிராஸ் ஸ்லைடுக்கு (வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) மேலே சுற்றியாக வேண்டும். அங்கே இடம் நிறையவே குறையும். ஜாப்பைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் துளையையும் அளந்து பாருங்கள். 40 மி.மீ. கம்பியை உள்ளே விட்டு வெட்டி வெட்டிக் கடையலாம் என்று நினைத்திருப்பவருக்கு 38 மி.மீ. துளை எதற்கு ஆகும்?

துல்லியத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டுக் கீலுக்கான பின் 0.2 மி.மீ. கூடக்குறைய இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பேரிங் உட்காரும் இடத்தில் 0.01 மி.மீ.க்கே சண்டை வரும். தேய்ந்த லேத் முதல் ஆளுக்கு நல்ல மெஷின், இரண்டாவது ஆளுக்குத் தலைவலி.

[காட்சி: பளபளக்கும் புதுப் பச்சைப் பெயின்ட்.]

நான் முதன்முதலில் வாங்கிய லேத் இப்படித்தான் பளபளத்தது. பச்சை நிறம், ஒரு கீறல் இல்லை. பெட்டுக்கு மேல் பலகை போட்டு அதன்மேல் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்லக் கூச்சப்பட்டேன். வீட்டுக்கு வந்து பலகையை எடுத்த அன்றுதான் அதை ஏன் போட்டிருந்தார்கள் என்று புரிந்தது. கூச்சப்படாதீர்கள், எடுக்கச் சொல்லுங்கள்.

[காட்சி: சக்குக்கு (ஜாப்பைத் தாடைகளால் கவ்விப் பிடிப்பது) அருகில் பெட்டின் விளிம்பு. ஒரு விரல் நகம் குறுக்கே இழுக்கப்படுகிறது.]

பெட் எப்போதும் சக்குப் பக்கம்தான் தேயும். பெரும்பாலான வேலைகள் குட்டை ஜாப்கள். டூலைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் சேடில் அந்த ஒன்றரை அடிக்குள்ளேயே போய் வந்துகொண்டிருக்கும், வார்ப்பிரும்புத் தூளும் அங்கேதான் கொட்டும். சேடில் உரசாத ஓரத்திலிருந்து உரசும் இடத்துக்கு நகத்தை இழுத்துப் பாருங்கள். படி போலத் தட்டினால் தேய்மானம் இருக்கிறது.

எவ்வளவு என்று தெரிய ஒரு எளிய வழி. சேடிலைச் சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, லாக் போல்ட்டை லேசாக இறுக்குங்கள், கை சக்கரம் சற்றே கனமாகச் சுற்றும் அளவுக்கு. அப்படியே டெயில்ஸ்டாக் (எதிர்முனையில் ஜாப்பைத் தாங்கும் பகுதி) பக்கம் உருட்டிக்கொண்டு போங்கள். வரவர இறுகி, கடைசியில் அசையவே மறுத்தால், சக்குப் பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பயந்து ஓடிவிட வேண்டுமா என்றால், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப்பில் டூல் நேராகக் கீழே 0.1 மி.மீ. இறங்கினால், விட்டத்தில் வரும் மாற்றம் 0.0004 மி.மீ.தான். மைக்ரோமீட்டரே கண்டுபிடிக்காது. அதே டூல் பக்கவாட்டில் 0.05 மி.மீ. விலகினால் விட்டத்தில் முழுசாக 0.1 மி.மீ. போய்விடும். ஆகவே எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட, எந்தத் திசையில் தேய்ந்தது என்பதே முக்கியம். கண்ணால் இதைச் சொல்ல முடியாது, கடைந்து பார்க்கத்தான் வேண்டும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

[காட்சி: ஸ்பிண்டில் டேப்பருக்குள் (கூம்புத் துளை) டயல் இண்டிகேட்டரின் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) முனை.]

அடுத்தது ஸ்பிண்டில். டயலைச் சக்கின் மேல் வைக்காதீர்கள். பழைய மூன்று தாடைச் சக்கு 0.1 மி.மீ. ஆடினால் அது சக்கின் குற்றம், ஸ்பிண்டில் என்ன செய்யும்? சக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் டேப்பரைத் துடைத்துவிட்டு, அங்கே டயல் வையுங்கள். கையால் மெதுவாகச் சுற்றினால் முள் 0.01 மி.மீ.க்குள் நின்றால் மகிழ்ச்சி. அப்புறம் டயலை ஸ்பிண்டிலின் மேல்பக்கம் வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து லேசாக நெம்புங்கள். முள் துள்ளினால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. புஷ் பேரிங் உள்ள பழைய மெஷின்களில் எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி கொஞ்சம் இருக்கும், அதைக் குறையாகச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லா வேகத்திலும் ஓட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரமாவது. ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அங்கே பல் உடைந்திருக்கலாம். "கரண்ட் இல்லை, வாங்கிக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள்" என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றுவதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நட்டின் தேய்மானம். நட்டை மாற்றிவிடலாம், விலையைக் குறைத்துப் பேசவும் உதவும். மரை வெட்டும் லீட் ஸ்க்ரூ அப்படி இல்லை, மாற்றச் செலவாகும். அதுவும் சக்குப் பக்கம்தான் தேயும். சேடிலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டை மாட்டிவிட்டு சேடிலை முன்னும் பின்னும் அசைத்து, இரண்டு முனைகளிலும் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூட என்னென்ன தருகிறார்கள்? மரை அளவை மாற்ற உதவும் சேஞ்ச் கியர்கள் முழு செட்டாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள மெஷினில் மெட்ரிக் மரையைச் சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் ஓர் அங்குலத்தின் மி.மீ. அளவான 25.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 127. நான்கு தாடைச் சக்கு, நீள ஜாப்பைத் தாங்கும் ஸ்டெடி, ஜாப்பைப் போல்ட் போட்டுப் பிடிக்கும் ஃபேஸ் பிளேட், சக்குச் சாவி எல்லாவற்றையும் பின்னால் தனித்தனியாகத் தேடி வாங்கினால் கையைக் கடிக்கும். மோட்டார் மூன்று ஃபேஸ் என்றால் அதற்காக விட்டுவிட வேண்டாம், சிறிய மோட்டாருக்கு ஒற்றை ஃபேஸில் ஓட்டும் டிரைவ் கிடைக்கிறது.

[காட்சி: 40 மி.மீ. கம்பி சக்கில் பிடித்திருக்கிறது. மூன்று வளையங்கள் மட்டும் மேடாக நிற்கின்றன.]

இப்போது கடைந்து பார்ப்போம். 40 மி.மீ. கம்பியில் 120 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் தாங்காமல், சக்குப் பக்கம், நடு, முனை என்று மூன்று வளையங்களை விட்டுவிட்டு மீதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு டூலை அதே இடத்தில் வைத்தபடி மூன்று வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் மெல்லியதாகக் கடையுங்கள்.

நேற்று நான் பார்த்த மெஷினில் சக்குப் பக்கம் 38.02, முனையில் 38.06. நடு வளையம் 38.04. சீராக ஏறுகிறது. தளத்தில் மட்டம் பார்க்காமல் வைத்த மெஷினின் பெட் முறுக்கிக்கொண்டாலும், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் இப்படி வரும், இரண்டையுமே சரிசெய்துவிடலாம். நடுவில் மட்டும் 38.00 என்றோ 38.08 என்றோ வந்திருந்தால் அது தேய்மானம், எந்த மட்டமும் திருத்தாது. தரையைக் குனிந்து பார்த்தேன். நான்கு கால்களில் ஒன்றின் கீழே மடித்த அட்டை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.