கம்மி விலையில அல்ட்ரா வைட் பிரைம்: எஃப் நம்பரைக் கடைசியா பாருங்க

வணக்கம் மக்களே. மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு அல்ட்ரா வைட் பிரைம் (ரொம்ப அகலமா காட்டற, ஜூம் இல்லாத லென்ஸ்) வேணும், பட்ஜெட் இடிக்குது. இதுல நிறைய பேர் முதல்ல பாக்கறது எஃப் 1.4-ஆ, எஃப் 2-வான்னு எஃப் நம்பரைத்தான், அதாவது லென்ஸ் வாய் எவ்வளவு திறக்குதுன்னு; நம்பர் சின்னதானா வெளிச்சம் அதிகம். அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. முதல்ல உங்க சென்சார்ல அந்த லென்ஸ் நிஜமா எவ்வளவு அகலம் தருதுன்னு பாப்போம்.

லென்ஸோட எம்எம் குறையக் குறைய பார்வை அகலம். பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமோட ஒப்பிட, அதைவிடச் சின்ன சென்சார் இருக்கற ஏபிஎஸ்-சி பாடின்னா அந்த எம்எம்-ஐ 1.5-ஆல பெருக்கணும், கேனான்னா 1.6, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ்னா 2. அப்போ 16 எம்எம் லென்ஸ் ஏபிஎஸ்-சியில 24 எம்எம் பார்வைதான் தரும். ஃபோட்டோவுக்கு அது தாராளம். வீடியோவுல ஆட்டத்தைக் குறைக்கற எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் ஆன் பண்ணா கேமரா ஓரத்தை இன்னும் வெட்டும். 1.2 மடங்கு வெட்டுதுன்னு வைங்க, 24 போய் 29 ஆயிடும். கையை நீட்டிப் பிடிச்சா கேமரா மூஞ்சிக்கு 70 சென்டிமீட்டர் தள்ளிதான் இருக்கும், அந்த தூரத்துல ஃப்ரேம்ல பெரும்பாலும் நீங்கதான், பின்னாடி இடம் கொஞ்சம்தான் தெரியும். அதே கணக்குல 12 எம்எம் போட்டா 18, வெட்டுனதுக்கு அப்புறமும் 22-க்குள்ள நிக்கும். அதனால நடந்துக்கிட்டே பேசறவங்க ஏபிஎஸ்-சியில 11, 12, 13 இந்த மூணுக்குள்ளயே தேடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. விலை ரொம்பக் கம்மியா இருக்கே, 11 எம்எம் வேற, ஃபுல் ஃப்ரேம் வேறன்னு டிடிஆர்ட்டிசான் 11 எம்எம் எஃப் 2.8-ஐ ஆர்டர் போட்டுட்டு, கட்டடமெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு வருதேன்னு முழிக்கறவங்க இருக்காங்க. அது ஃபிஷ்ஐ. 7ஆர்ட்டிசான்ஸ் 7.5 எம்எம்மும் ஃபிஷ்ஐதான். லென்ஸ் கெட்டது இல்ல, வேலை வேற. நேர்கோடு நேரா வரணும்னா விவரத்துல ரெக்டிலீனியர்னு போட்டிருக்கான்னு பாருங்க.

அடுத்து ஆட்டோ ஃபோகஸா, மேனுவலா. காசு மிச்சமாகற இடம் இதுதான். சாம்யாங் 12 எம்எம் எஃப் 2 மேனுவல் 2014-லயே வந்தது, 67 எம்எம் ஃபில்டர் போடலாம். லேண்ட்ஸ்கேப், கட்டடம், ராத்திரி வானம், இதுக்கெல்லாம் இன்னைக்கும் கொடுத்த காசுக்கு நல்லா உழைக்கும். ஆட்டோ ஃபோகஸ் இல்லாம எப்படின்னு பயப்படாதீங்க. 12 எம்எம்ல எஃப் 5.6 வச்சு 1.3 மீட்டர்ல ஃபோகஸ் பண்ணா, 65 சென்டிமீட்டர்லேர்ந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். பெரிய ஸ்க்ரீன்ல பாக்கப் போறீங்கன்னா எஃப் 8-க்குப் போயிடுங்க, அதே 1.3 மீட்டர்.

செல்ஃபி வ்லாகுக்கே மேனுவல் ஓடும். ரிங்கை 70 சென்டிமீட்டர்ல வச்சு எஃப் 4 கொடுத்தா, 50 சென்டிமீட்டர்லேர்ந்து ஒரு மீட்டர் தாண்டி வரைக்கும் கவர் ஆகும். கை கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் கவலை இல்ல. ஆனா எஃப் 2-ல அதே இடம் 59-லேர்ந்து 87 சென்டிமீட்டருக்குள்ள சுருங்கிடும். ராத்திரி தெருவுல எஃப் 2-ல நடந்துக்கிட்டே பேசணும்னா மேனுவல் வேண்டாம்.

மேனுவல் லென்ஸ் மாட்டின உடனே ஷட்டர் அமுக்கினா ஒண்ணும் நடக்காது. லென்ஸ் பழுதுன்னு நினைச்சுடாதீங்க. அதுல எலக்ட்ரானிக் காண்டாக்ட் இல்ல, அதனால லென்ஸே மாட்டலைன்னு கேமரா நினைக்குது. மெனுவுல லென்ஸ் இல்லாம ஷட்டர் விடற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இருந்தா ஃபோகல் லெங்த்தையும் கையால கொடுக்கணும். அங்க 12-னு போடுங்க, 18-னு இல்ல. முன்னாடி 50-னு வச்சது அப்படியே இருந்தா, கேமரா தேவைக்கு மேல சென்சாரை ஆட்டி, ஆடாத படத்தையும் கலங்கலாக்கிடும்.

லென்ஸ் மேல இருக்கற இன்ஃபினிட்டி குறியையும் நம்பாதீங்க. விலை கம்மியான மேனுவல் லென்ஸ்ல அது கொஞ்சம் தள்ளி இருக்கறது சகஜம். பளிச்சுன்னு ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு, ஸ்க்ரீன்ல பெருசாக்கி, புள்ளி ரொம்பச் சின்னதாகற இடத்துல ரிங்கை நிறுத்தி டேப் ஒட்டிடுங்க. எஃப் 2, 15 செகண்ட், ஐஎஸ்ஓ 3200-லேர்ந்து ஆரம்பிங்க. மூலையில நட்சத்திரம் றெக்கை விரிச்ச பறவை மாதிரி வந்தா அது கோமா, எஃப் 2.8-க்கு மூடினா அடங்கும்.

ஆட்டோ ஃபோகஸ்தான் வேணும்னா, சோனி இ மவுண்ட்ல சாம்யாங் 12-க்கே ஏஎஃப் மாடல் இருக்கு, சோனியோட 11 எம்எம் எஃப் 1.8 இருக்கு. சோனியோடது 181 கிராம்தான். வில்ட்ராக்ஸ் 13 எம்எம் எஃப் 1.4 படம் நல்லா தரும், ஆனா 400 கிராமுக்கு மேல. ஆட்டம் தெரியாம கேமராவைத் தாங்கற குட்டி கிம்பல்ல மாட்டினா மூக்கு கீழ சாயும். ஃபுல் ஃப்ரேம்ல கேனான் ஆர்எஃப் 16 எம்எம் எஃப் 2.8 வெறும் 165 கிராம், 43 எம்எம் ஃபில்டர். ஆனா கரெக்ஷனை ஆஃப் பண்ணிப் பாத்தா கோடெல்லாம் பீப்பாய் மாதிரி வீங்கி இருக்கும். கேமரா அதை இழுத்து நேராக்குது, அந்த இழுவையில மூலை கொஞ்சம் மங்கும். அந்த அளவுக்கு விலையும் குறைவு, எனக்கு அது நியாயமாத்தான் படுது.

இப்ப எஃப் நம்பருக்கு வரலாம். எஃப் 1.4 எஃப் 2.8-ஐ விட நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும். உண்மைதான். ஆனா இவ்வளவு வைடுல பின்னணி கலங்கல் பெருசா கிடைக்காது. நீங்க எடுக்கறது பகல்லயும் ட்ரைபாட்லயும்னா எஃப் 2.8 போதும். பகல்ல எஃப் 2.8-லயே 25 ஃப்ரேமுக்கு 1/50 ஷட்டர் வைக்க, வெளிச்சத்தைக் குறைக்கற கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் வேணும். திருகித் திருகி அளவு மாத்தற வேரியபிள் என்டி வாங்காதீங்க, வைடுல வானத்துக்குக் குறுக்க கறுப்பா ஒரு பெருக்கல் குறி வந்துடும். ஒரே அளவு என்டி 16, என்டி 64 ரெண்டும் எடுத்து வைங்க. கண்ணாடி வெளியே உப்பி நிக்கற லென்ஸ்ல இது எதுவுமே மாட்ட முடியாது, அதையும் பாத்துக்கோங்க.

குரூப் ஃபோட்டோவுல ஓரத்துல நிக்கறவர் தலை சுரைக்காய் மாதிரி நீளும். இது லென்ஸ் குறை இல்ல, ரெக்டிலீனியர்னாலே அப்படித்தான். எல்லாரையும் நடுவுக்குத் தள்ளுங்க.

லென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே ஒரு டெஸ்ட். செங்கல் சுவர் வேண்டாம், கேமரா துளி கோணலா நின்னாலும் ஏமாத்திடும். ரொம்ப தூரத்துல, எழுத்தோ ஜன்னல் கம்பியோ இருக்கற ஒரு இடத்தைப் பிடிங்க. ட்ரைபாட், 2 செகண்ட் டைமர், அப்பர்ச்சர் முழுசா திறந்து. அதை ஃப்ரேமுக்கு நடுவுல வச்சு ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்திடுங்க. இனிமே ரிங்கைத் தொடக்கூடாது. நடுவுல ஒண்ணு, அப்புறம் கேமராவைத் திருப்பி அதே பொருளை நாலு மூலையிலயும் வச்சு ஒவ்வொண்ணு, மொத்தம் அஞ்சு. எஃப் 5.6-ல இன்னொரு அஞ்சு. நூறு சதவீதம் பெருசாக்கிப் பாருங்க. நாலு மூலையும் ஒரே மாதிரி மங்கலா இருந்தா அது டிசைன், எஃப் 5.6-ல பெரும்பாலும் சரியாயிடும். மூணு மூலை கூர்மையா இருந்து ஒண்ணு மட்டும் எஃப் 5.6-லயும் குழைஞ்சு கிடந்தா, உள்ள ஒரு கண்ணாடி சாய்ஞ்சிருக்கு. திருப்பி அனுப்பி வேற பீஸ் கேளுங்க, அந்தப் பத்து படத்தையும் ரிட்டர்ன் தேதி தாண்டற வரைக்கும் அழிச்சுடாதீங்க.