பக்கவாதத்துக்குப் பிறகு கை அசைவை மீட்பது: நரம்புத் தூண்டல் எப்படி உதவுகிறது?

[காட்சி: மேசையில் ஒரு கோப்பை. கை அதை நோக்கி நீள்கிறது, விரல்கள் விரியவில்லை.]

பக்கவாதம் வந்த பலருக்குக் கை நீளும், விரல் விரியாது. பழுது தசையில் இல்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை சிதைந்திருக்கிறது. அதில் சில இழைகளாவது மிஞ்சியிருந்தால் பயிற்சியால் அவற்றைப் பலப்படுத்தலாம்.

அதற்குப் பயிற்சி நூற்றுக்கணக்கான தடவை வேண்டும். ஆனால் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு எண்ணிப் பார்த்தபோது, ஒரு பிசியோதெரபி அமர்வில் கை செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32தான். எந்தப் புதிய கருவியைப் பற்றிப் பேசினாலும் இந்த எண்ணை மறக்கக்கூடாது.

[காட்சி: கழுத்தின் இடப்பக்கம், வேகஸ் நரம்பு, நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு கருவி.]

வேகஸ் என்பது மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நரம்பு. அதைத் தூண்டும் சிகிச்சைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் அனுமதி தந்தது. நெஞ்சில் பொருத்திய கருவியிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்புக்குப் போகிறது. நோயாளி கோப்பையைப் பிடிக்க முயலும் அதே கணத்தில் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துகிறார். 0.8 மில்லி ஆம்பியர், 30 ஹெர்ட்ஸ், அரை நொடி. இந்தத் தூண்டல் கையை அசைப்பதில்லை. "இப்போது செய்தது முக்கியம், பதிய வை" என்று மூளைக்குச் சொல்லும் வேதிப்பொருள்களைச் சுரக்க வைக்கிறது. அதனால் நேரம் தப்பினால் பயன் போய்விடும்.

அதே ஆண்டு வெளியான சோதனையில் 108 பேர். எல்லோருக்குமே கருவி பொருத்தினார்கள். பாதிப் பேருக்கு மின்சாரம் மட்டும் கொடுக்கவில்லை. ஆறு வாரம், வாரம் மூன்று அமர்வு. கை அசைவை மதிப்பிடும் 66 புள்ளி அளவுகோலில் தூண்டல் பெற்றவர்கள் சராசரியாக 5.0 புள்ளி முன்னேறினார்கள், மற்றவர்கள் 2.4. மிதமான முன்னேற்றம்தான். ஆனால் சேர்ந்தவர்கள் எல்லோரும் பக்கவாதம் வந்து ஒன்பது மாதமாவது கடந்தவர்கள். இனி மாற்றமில்லை என்று கைவிடப்படும் கட்டம் அது! எனக்கு இதுதான் பெரிய செய்தி. கை அறவே அசையாதவர்கள் அந்தச் சோதனையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை என்பதால் குரல் கரகரப்பு போன்ற தொல்லைகளும் வரலாம்.

கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் மேல் எலக்ட்ரோடு (மின்சாரம் செலுத்தும் முனை) வைப்பது இன்னொரு வழி. 2023இல் இரண்டு பேரிடம் செய்து பார்த்தார்கள். மின்சாரம் ஓடும்போதே பிடியும் கைநீட்டலும் மேம்பட்டன. நம்பிக்கை தருகிறது, ஆனால் இரண்டே பேர்.

கையைப் பிடித்து அசைத்துப் பயிற்சி தரும் ரோபோ? பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையைவிட அது கையின் செயல்திறனைக் கூட்டவில்லை. அசைவு கூடியும் அன்றாட வேலைக்கு அது வந்து சேரவில்லை.

[காட்சி: நாற்காலியில் அமர்ந்தவர், பக்கவாட்டிலிருந்து.]

வீட்டுப் பயிற்சியில் அதிகம் கெடுவது இங்கேதான். முழங்கையை நீட்டாமல் உடம்பை முன்னே சாய்த்துப் பொருளைத் தொடுவார்கள். வேலை முடியும், கை கற்காது. முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கட்டும். தேவையானால் மார்பைச் சுற்றி அகலமான பட்டையைத் தளர்வாகக் கட்டலாம். பொருளை எட்டும் தூரத்துக்குச் சற்று உள்ளேயே வையுங்கள். தோள் வலித்தால் நிறுத்துங்கள், தூக்கிவிட அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். விரல்கள் இறுகி மடங்கியிருந்தால் தசை இறுக்கத்தைக் குறைக்கும் போட்யூலினம் ஊசி சுமார் மூன்று மாதம் தளர்த்தும்; பயிற்சியைத் தீவிரமாக்க வேண்டியது அந்த மூன்று மாதத்தில்தான்.