அடிலெய்டிலிருந்து டார்வின்: கேரவனோடு எத்தனை நாள்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் குடைந்துகொண்டே இருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அடிலெய்டில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஜூலையில் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டு டார்வின் வரை போய்த் திரும்பலாம் என்று இருக்கிறோம். மேப்பில் ஒரு வழிக்கு முப்பத்துச் சொச்சம் மணி நேரம்தான் காட்டுகிறது. எத்தனை நாளில் போகலாம்?"

தம்பி, போகலாம், திரும்பியும் வரலாம். ஆனால் ஊருக்கு வந்த பிறகு பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், அப்பாவின் பின்மண்டையைப் பார்த்தோம் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். அடிலெய்டிலிருந்து டார்வின் சுமார் 3,000 கிலோமீட்டர். போய் வர 6,000. கேரவன் என்னும் சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு நிதானமாக ஒரு நாளைக்கு ஓடக்கூடியது 450. வகுத்தால் பதின்மூன்று நாளுக்கு மேல் வருகிறது. விடுமுறை முடிந்தது!

ஏன் 450, எழுநூறு எண்ணூறு ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். தொடர்ந்து பார்ப்பவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். ஆமாம், மறுபடியும் நாலு மணிதான். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும். காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு, எட்டு எட்டரைக்குத்தான் கிளப்ப வேண்டும். மேற்கே கிப் ரிவர் ரோடு என்ற பாதை பற்றிப் பேசியபோதும் சொன்னேன், நல்லர்போர் சமவெளி பற்றிப் பேசியபோதும் சொன்னேன், இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

காரணம் கங்காரு என்று எல்லாருக்கும் தெரியும். விடியலிலும் அந்தியிலும்தான் அது மேய வரும். கங்காருவை விடப் பெரிய ஆபத்து மாடு. அங்கே மாட்டுப் பண்ணைகளின் அளவு நமக்குப் பிடிபடாது. வழியில் வரும் கூபர் பீடி என்ற ஊருக்குக் கிழக்கே அன்னா கிரீக் என்று ஒரு பண்ணை, ஏறக்குறைய 15,700 சதுர கிலோமீட்டர். இவ்வளவு நிலத்துக்கு யார் வேலி போடுவது? நெடுஞ்சாலை ஓரத்திலேயே பல இடங்களில் வேலி கிடையாது. ஜூலை இங்கே குளிர்காலம். குளிர்கால இரவில் தார் ரோடு மட்டும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்காக மாடு வந்து ரோட்டில் படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு, விளக்கே இல்லாத இருட்டு. அரை டன் எடை. கேரவன் மாட்டிய வண்டி சட்டென்று நிற்காது. திருப்பினால் அதை விட மோசம், பின்னால் வருவது நம்மைப் புரட்டிவிடும். அதனால்தான் எதிரே விலங்கு வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். இந்த நிலைமைக்கே வராமல் இருக்கத்தான் நாலு மணி.

பகலில் கழுகைக் கவனியுங்கள். அடிபட்டுக் கிடக்கும் கங்காருவைத் தின்ன பெரிய கழுகுகள் இறங்கியிருக்கும். வயிறு நிறையத் தின்ற கழுகு சீக்கிரம் எழும்பாது. எழும்பும்போது நேராக உங்கள் கண்ணாடிக்கு முன்னால் வரும். தூரத்தில் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஒரு தடவை கூபர் பீடியில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்தேன். ஓய்வு பெற்று, வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கேரவனோடு சுற்றுபவர்கள். கிரே நோமட்ஸ் என்று இங்கே செல்லமாகச் சொல்வார்கள். நான் மூன்றரை மணிக்குப் போய்ப் பெருமையாக நிறுத்துகிறேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன, இவ்வளவு தாமதம்?" என்றார். அவர்கள் இரண்டு மணிக்கே வந்து, நல்ல இடமாகப் பிடித்து, துணி துவைத்துக் காயவும் போட்டிருந்தார்கள். அன்று இருட்டிய பிறகு வந்த ஒரு குடும்பம், டார்ச் வெளிச்சத்தில் கேரவனை ரிவர்ஸ் எடுக்க முடியாமல் புருஷனும் பெண்சாதியும் போட்ட சண்டையை முகாம் முழுக்கக் கேட்டது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

கூபர் பீடி என்றதும் இன்னொன்று. ஓப்பல் கல் தோண்டும் ஊர். கோடை வெயில் தாங்காமல் பலர் பூமிக்கடியில் குடைந்த வீட்டில் இருக்கிறார்கள். அங்கே கேரவன் தொட்டியை நிரப்ப வேண்டுமானால் காசு போட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்புங்கள். தண்ணீரின் விலை என்ன என்று புரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை போர்ட் அகஸ்டாவில் தொடங்கி டார்வின் வரை போகிறது. ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்பவர் 1862-இல் தெற்கிலிருந்து வடகடல் வரை குதிரைகளோடு கடந்தார். திரும்பி வரும்போது பார்வை மங்கி, உடம்பு குலைந்து, தூக்கிக்கொண்டு வரும் நிலையில் இருந்தார். பத்து வருடம் கழித்து, 1872-இல், ஏறக்குறைய அதே தடத்தில் தந்திக் கம்பி போட்டார்கள். சாலை முழுவதும் தார் கண்டது 1987-இல்தான். இன்று அதில் சாதாரணக் கார் கூடப் போகலாம். ஆனால் தார் போட்டதால் வெளி சுருங்கிவிடவில்லை. கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. வெறும் வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கிறது என்றால், கேரவனோடு பதினெட்டு, இருபது ஆகும். எதிர்காற்று அடித்தால் இன்னும் ஏறும். 110-இல் ஓட்டுவதற்கும் 90-இல் ஓட்டுவதற்கும் வித்தியாசம் பெட்ரோல் பங்கில் பில் கொடுக்கும்போது தெரியும். வழியில் இருபுறமும் பெரிய பரப்பு வூமரா ராணுவச் சோதனைப் பகுதி. சாலையை விட்டு இறங்கி நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது.

அப்புறம் ரோட் ட்ரெயின். ஒரே லாரி மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும், நீளம் 53 மீட்டர் வரை. பின்னால் வந்தால் பயந்து ஓரத்து மண்ணில் இறங்காதீர்கள். நேராகப் போய்க்கொண்டே இருங்கள். லாரிக்காரர் வெளியே எடுத்து முந்தத் தொடங்கிய பிறகு உங்கள் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், சீக்கிரம் கடந்துவிடுவார். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யு.எச்.எஃப். ரேடியோவில் 40-ஆம் சேனலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் இன்னும் நல்லது. கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேசுவது 18. லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். அந்த நேரத்தில்தான் கேரவனில் பாரம் சரியாக ஏற்றியிருக்கிறீர்களா என்பது தெரியவரும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனும் அதேதான். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் கேரவனை மாட்டும் குண்டின் (டோ பால்) மேல் அழுந்த வேண்டும். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். வழியில் பிம்பா என்ற ஊருக்கு அருகே ஒரு கேரவன் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். பின்கம்பியில் சைக்கிள்கள், ஜெனரேட்டர், இரண்டு ஸ்டெப்னி என்று எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. தட்டு, தலையணை, அரிசி மட்டும் செம்மண்ணில் சிதறிக் கிடந்தன. கேரவன் பாம்பாட்டம் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் கேரவன் பிரேக்கின் கைவிசையை மட்டும் அழுத்துங்கள். பின்னால் இருப்பது தன்னை இழுத்துப் பிடித்து நேராகிவிடும். வாடகைக்கு எடுக்கும்போதே அந்த விசை எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள்.

எடை விஷயத்தில் விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்பார். உதாரணத்துக்கு, வண்டியும் கேரவனும் சேர்ந்து 6,000 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது, வண்டியின் சொந்த எடை 2,200 என்று வையுங்கள். கேரவன் 3,500 என்றால் மிச்சம் 300. அதற்குள் நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், முன்கம்பி, ஃபிரிட்ஜ், நிரப்பிய டீசல் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. சின்னக் கேரவனாக எடுங்கள். எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள், அவ்வளவுதான்.

மண் பாதை பற்றித் தம்பி கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் கேரவனை மண் பாதையில் இறக்க விடுவதில்லை. ஊட்னடாட்டா பாதை போன்ற மண் பாதையெல்லாம் சொந்தக் கேரவன் வாங்கிய பிறகு.

இப்போது நான் ஆசைப்படும் கேள்வி. எத்தனை நாள், எந்த மாடல், எவ்வளவு டீசல் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதே இல்லை.

வண்டியை விட்டு நகரக்கூடாது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் யாராவது வந்துவிடுவார்கள், அங்கே யாரும் நிற்காமல் உங்களைத் தாண்டிப் போகமாட்டார்கள். பக்கத்துப் பாதைகளில்தான் ஆபத்து. 1963 டிசம்பரில் மாரீ என்ற ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம், ஐந்து பேர், பேர்ட்ஸ்வில் பாதையில் மாட்டிக்கொண்டு, வண்டியை விட்டு விலகிப் போய், தண்ணீர் இல்லாமல் இறந்தார்கள். அந்தப் பக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்றால், 1960 ஜனவரியில் ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி பதிவானது. நடக்கிற மனிதனை விமானத்திலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். வெள்ளைக் கேரவன் பளிச்சென்று தெரியும்.

கேரவன் பாரம், தொல்லை என்று புலம்புகிறோம். வண்டி நின்றுபோன நாளில் அது வீடு. நிழல், படுக்கை, அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர் எல்லாம் உங்கள் பின்னாலேயே நிற்கின்றன. அதனால் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து ஓட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து லிட்டர், வெயில் காலத்தில் பத்து என்று கணக்கு வையுங்கள். கொஞ்சம் தண்ணீரைத் தனிக் கேனிலும் வையுங்கள், தொட்டிக் குழாய் கல்லடித்து உடைவது சாதாரணம்.

உதவியை எப்படிக் கூப்பிடுவது? தந்திக் கம்பி காலத்தில், சாகக் கிடந்த பயணிகள் கம்பியை வெட்டிவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிடுவார்களாம். பழுதுபார்க்க ஆள் வந்தே தீர வேண்டும் அல்லவா! எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இப்போது கையடக்கமான பி.எல்.பி. கருவி இருக்கிறது. அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஊரைத் தாண்டினால் கைபேசியில் சிக்னல் இருக்காது, அதை நம்பாதீர்கள்.

உடம்புக்கு வந்தால் விமானத்தில் வரும் ஃப்ளையிங் டாக்டர். ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் முயற்சியில் 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து முதல் விமானம் பறந்தது. இன்றும் தொலைதூரப் பண்ணைகளில் அவர்கள் கொடுத்த மருந்துப் பெட்டி இருக்கும். மருந்துகளுக்கு எண் போட்டிருக்கும். டாக்டர் போனில் எந்த எண் என்று சொல்வார், எடுத்துக் கொடுப்பார்கள். நெடுஞ்சாலையில் சில இடங்களில் ரோட்டின் மேலேயே ஓடுபாதைக் கோடுகள் போட்டிருப்பார்கள், விமானம் அங்கே இறங்கும். அந்தக் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்காதீர்கள்.

ஆக தம்பி, டார்வினை விடுங்கள். வழியில் எர்ல்டண்டாவில் இடதுபுறம் திரும்பி உலுரு என்ற பெரும்பாறைக்குப் போங்கள். அடிலெய்டிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். போக நான்கு நாள், வர நான்கு நாள், மிச்ச நாளெல்லாம் உங்களுடையது. 2019 அக்டோபரிலிருந்து பாறை மேல் ஏற அனுமதி கிடையாது. சுற்றி நடக்கலாம், ஏறுவதை விட அதுதான் நன்றாகவும் இருக்கும். ஜூலை இரவில் பாலைவனம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், பிள்ளைகளுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை என்பதால், பாறைக்குப் பக்கத்தில் தங்கும் ஊரான யூலாராவில் இடத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அலுவலகத்தில் இன்னும் இரண்டு வாரம் லீவு கிடைக்கும் வருடம் எழுதுங்கள், டார்வினைப் பேசுவோம்.

அடுத்த கேள்வி ஒரு அம்மாவிடமிருந்து. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் காய்கறியைப் பிடுங்கிக்கொள்கிறார்களே, என்ன செய்வது என்கிறார். பச்சைக் காய், பழம், தேன் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். முந்தின நாளே எல்லாவற்றையும் போட்டுச் சாம்பார் வைத்துவிடுங்கள், அம்மா.