எழுதியது போக முடியாதவர்களுக்காகத்தான்

நடுவர் அவர்களே, பழங்காலக் கிறித்தவ யாத்திரிகர்கள் பயணக் குறிப்பு எழுதியது தங்கள் பேருக்காகவா, போக முடியாதவர்களுக்காகவா என்பதுதான் தலைப்பு. எருசலேம் போய் வந்தால் ஊரில் மதிப்பு, அதை எழுதி வைத்தால் இன்னும் மதிப்பு, அவ்வளவுதான் என்று எதிரணி நண்பர் முடித்துவிட்டார். சரி, எழுதியவர்களிடமே போவோம்.

4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம், எகிப்து, சீனாய் என்று சுற்றிய எகேரியா என்ற பெண் யாத்திரிகர், தன் சகோதரிகளுக்குக் கடிதமாகத்தான் எழுதினார். சீனாய் மலையில் சுற்றிச் சுற்றி ஏற வழியில்லை, சுவரில் ஏறுவதுபோல நேராக ஏறினோம் என்கிறார். புனித வெள்ளியன்று எருசலேமில், இயேசுவின் சிலுவை என்று நம்பப்பட்ட மரத்தை மேசைமேல் வைத்து, அதன் முனைகளை அவ்வூர்த் திருச்சபைத் தலைவரான ஆயரே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வாராம், சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல் நிற்பார்களாம். வருகிறவர்கள் நெற்றியால் தொட்டு, அப்புறம் கண்ணால் தொட்டு, முத்தமிட்டு நகர வேண்டும், கை மட்டும் படக்கூடாது. ஏன் இத்தனை காவல்? முன்பு ஒருவன் முத்தமிடக் குனிந்து, பல்லால் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்! பேருக்காக எழுதுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? 'அங்கே என்னதான் நடந்தது, சொல்லு' என்று வீட்டில் காத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதினால்தான் இப்படி வரும்.

அடுத்து ஜெர்மனியின் உல்ம் நகரத் துறவி பெலிக்ஸ் பாப்ரி. 1480இல் போனவர், ஒன்பது நாளுக்குமேல் அங்கே இருக்க முடியாத மனக்குறையில் 1483இல் மறுபடி கப்பல் ஏறினார். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்திருந்ததையும், எரிகிற விளக்கை அணைக்கச் சிலர் மூத்திரச் சட்டியைத் தூக்கி எறிந்ததையும்கூட அவர் மறைக்கவில்லை. தன்னைப் பற்றியும் நிறைய எழுதினார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடத்து வாசலைத் தாண்ட அனுமதியில்லாத கன்னியர்களுக்கென்றே ஜெர்மன் மொழியில் தனியாக ஒரு நூல் எழுதினாரே, அறைக்குள் இருந்தபடியே மனதால் நாள் நாளாக எருசலேமுக்கு நடந்து போக? அதில் என்ன பேர் கிடைத்துவிடும்?

மறுபடி எகேரியாவிடம் வருகிறேன். 1884இல் இத்தாலியின் அரெட்சோவில் கிடைத்த அவர் கடிதத்தின் பிரதியில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எழுதியவர் பேரையே அப்புறம் வேறு சான்றுகளிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து சகோதரிகளை 'என் ஒளியே' என்று அழைத்து, அடுத்து எபேசு போக நினைக்கிறேன், நான் உடலோடு இருந்தாலும் உடலைவிட்டுப் போய்விட்டாலும் என்னை நினைவில் வையுங்கள் என்று அவர் கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி.