மாடி போர்ஷனுக்கு வந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் வந்து தங்கும் வெளிநாட்டவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் சுற்றுலா வழிகாட்டி இல்லை, ஆராய்ச்சி செய்தவளும் இல்லையே என்றேன். "நீங்க ஹவுஸ் ஓனர், அது போதும்" என்றார்கள். சரி, அந்தத் தகுதியிலேயே பேசுகிறேன்.

எங்கள் வீடு மந்தைவெளியில். மாடி போர்ஷனில் பதினைந்து வருடமாக வெளிநாட்டுக்காரர்கள்தான் குடியிருக்கிறார்கள். திட்டம் போட்டுச் செய்ததில்லை. பரதம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பிரெஞ்சுப் பெண் முதலில் வந்தாள். அவள் சொல்லி ஒரு ஜெர்மன்காரர் வந்தார். அப்புறம் ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜப்பானியர் ஒருவரும் அவர் மனைவியும். இப்போது ஒரு கொரியக் குடும்பம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து கொரியர்கள் சென்னைக்குப் புதியவர்கள் இல்லை. ஆனால் எங்கள் தெருவுக்குப் புதிது.

இவர்கள் எல்லாரும் ஊருக்கு வரும்போதே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள். கோட்டை, எழும்பூர் மியூசியம், சாந்தோம், மாமல்லபுரம். அங்கெல்லாம் நான் தேவையில்லை. பலகை இருக்கும், டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும். பலகை வைக்காத விஷயங்கள்தான் என் தலையில் விழும். தண்ணீர் எப்போது வரும், ஆட்டோக்காரர் போனில் என்ன கேட்கிறார், "நாளைக்கு" என்றால் எந்த நாளைக்கு, இதெல்லாம்.

முதலில் காகித விவகாரம். வெளிநாட்டவர் ஒருவரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது அதைச் சி ஃபாரம் என்பார்கள். ஹோட்டலுக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டு, பிரெஞ்சுப் பெண் வந்த பிறகு பத்து நாள் சும்மா இருந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் அவர்களும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போது அதற்கு ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் போய் நிற்க வேண்டும். அவளுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் என் பங்குக்கும் ஒரு ஃபாரம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. 2018க்குப் பிறகு பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடிந்துவிடுகிறது.

அதைவிடச் சிக்கல் சிம் கார்டு. போன் நம்பர் வாங்க முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் போட அட்வான்ஸ் கட்ட வேண்டும். அட்வான்ஸ் கட்ட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு தொடங்கப் போனால் முதல் கேள்வி, "உங்க மொபைல் நம்பர் என்ன?" கொரியக்காரர் இந்த வட்டத்தை ஒரு தாளில் வரைந்து என்னிடம் காட்டினார். கடைசியில் என் நம்பரைக் கொடுத்து அந்த வட்டத்தை வெட்டினோம். அட்வான்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். 2017இல் வந்த வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. நானும் பத்து வாங்கிக்கொண்டிருந்தவள்தான். இப்போது மூன்று.

அடுத்தது கதவு எண். எங்கள் வீட்டுக்குப் பழைய எண் 9, புதிய எண் 22. நாலு வீடு தள்ளி இன்னொரு வீட்டுக்குப் புதிய எண் 9. மாடிக்கு வரும் பார்சலில் பாதி அங்கேதான் போகும். அந்த வீட்டுத் தாத்தா இதற்கென்றே திண்ணையில் ஒரு கூடை வைத்திருக்கிறார். சாலைப் பெயர் இன்னொரு கூத்து. போன் வரைபடம் ஒரு பெயர் காட்டும், வாயில் வழங்குவது வேறு. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை என்று ஜெர்மன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்து சொன்னார். ஆட்டோக்காரர், "சேமியர்ஸ் ரோடா? அப்படிச் சொல்லுங்க சார்" என்றாராம்.

2013இல் அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதற்கு யார் வருகிறார்கள்? செயலி வந்த பிறகு பேரம் குறைந்தது உண்மை. ஆனால் வண்டி புக் செய்த அரை நிமிடத்தில் ஓட்டுநர் போன் செய்வார். "எங்க இருக்கீங்க? லொக்கேஷன் கரெக்டா?" கொரிய அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அவருக்குக் கொரிய மொழி தெரியாது. அந்த அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடி இஸ்திரிக்காரரிடம் நீட்டிவிடுவார். அவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணே, மாதா கோயிலாண்ட லெஃப்ட் எடுங்க" என்பார். ஒருநாள் இஸ்திரிக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அந்த அம்மா அன்றைக்கு வெளியே போகவே இல்லை. பேருந்தில் போகச் சொல்லிக் கொடுத்தது நான்தான். பலகை தமிழில் இருந்தாலும் எண் எல்லாருக்கும் புரியுமே. சாதாரணப் பேருந்தில் கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட்டைக் கையில் கொடுத்ததும் பயந்துபோய் எனக்கு போன் செய்தார். லேடீஸ்க்கு ஃப்ரீ என்பதை நம்ப வைக்க ஒரு வாரம் ஆயிற்று.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னையைப் பற்றிப் பேச முடியாது. இருபது லிட்டர் கேனைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பது ஒரு வித்தை. மெதுவாகச் சாய்த்தால் தரையெல்லாம் தண்ணீர். ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். ஜெர்மன்காரர் மூன்று தடவை கூடத்தை நனைத்தார். நாலாவது தடவை, கேன் போடுகிற பையன் வந்து, கேனின் கழுத்தைத் தன் தொடையில் முட்டுக்கொடுத்துத் திருப்பிக் காட்டினான். அப்புறம் சிந்தவில்லை. அவர் இருந்த காலம் 2019 கோடை. செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வற்றிப்போய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருடம். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரும். அவரும் லுங்கியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து, சம்ப்பில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பகலில் மெரினாவைப் படம் எடுத்தார், எல்லாரையும் போல. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது பெரிதாகப் பிரேம் போட்டு எடுத்துப் போனது அந்தத் தண்ணீர் லாரிப் படத்தைத்தான்.

ஊர் பார்த்த கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பெண் படிப்பெல்லாம் முடித்து ஊருக்குப் போய், சில வருடம் கழித்து விடுமுறைக்கு வந்திருந்தபோது மாமல்லபுரம் போனோம். கவுன்ட்டரில் எனக்கு 40 ரூபாய், அவளுக்கு 600 ரூபாய். பக்கத்தில் நிற்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. என் தங்கையின் கொழும்புத் தோழி வந்தபோது அவளுக்கும் 40தான். சார்க் நாட்டுக்காரர்களுக்கு நம் கட்டணமே. அன்றைக்குக் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்த்தோம். ஆனால் அவள் அசையாமல் நின்றது அர்ஜுனன் தபசு முன்னால். அதைச் சாலையில் நின்றே பார்க்கலாம், டிக்கெட்டே வேண்டாம். யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தபசு செய்யும். காலடியில் எலிகள். நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தப் பூனையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் காட்டினாள்.

கோயில் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. கபாலீசுவரர் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பிராகாரம் சுற்றலாம், சந்நிதிக்குள் இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும். அந்த ஒரு பலகையை வாசித்துக் காட்ட மட்டும் எனக்கு விருப்பமே இருந்ததில்லை. ஜப்பானியர் வாசித்துவிட்டுத் தலையசைத்துக்கொண்டு குளக்கரையில் போய் உட்கார்ந்தார். நான், "பங்குனி வரைக்கும் பொறுங்க, சாமியே வெளியே வரும்" என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தக் குறிப்பேடு தனிக் கதை. மனிதர் நேரம் தவறாதவர். பிளம்பர் "நாளைக்கு வரேன்" என்றால் அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பார். பாவம், மூன்று லீவு போயிற்று. அப்புறம் ஒரு அகராதி எழுத ஆரம்பித்தார். நாளைக்கு: இந்த வாரத்தில் ஒரு நாள். கிளம்பிட்டேன்: இன்னும் குளிக்கவில்லை. பக்கத்துலதான்: ஆட்டோ பிடிக்கவும். இதோ வந்துட்டேன்: அரை மணி நேரம். ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிச் சரிபார்ப்பார். ஒன்றில்கூட எனக்குத் திருத்தம் சொல்ல இருக்கவில்லை.

பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்து மூவர். மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. நாயன்மார்கள் அறுபத்து மூன்று பேரும் பல்லக்குகளில் வரிசையாக வருவார்கள், கபாலீசுவரர் வெள்ளி விமானத்தில் வருவார். வீட்டு வாசலில் எல்லாம் நீர்மோரும் பானகமும். புளியோதரையைத் தொன்னையில் வைத்து, யார் என்ன என்று கேட்காமல் கையில் திணிப்பார்கள். இரண்டு மணிக்கே போனால்தான் நிற்க ஒரு திண்ணை கிடைக்கும். ஜப்பானியரிடமும் அவர் மனைவியிடமும் காலையிலேயே இதைச் சொல்லி வைத்தேன்.

இரண்டு மணிக்கு நான் செருப்பு மாட்டிக்கொண்டு, படிக்கட்டுக்குக் கீழே நின்று குரல் கொடுத்தேன். மேலேயிருந்து அவர் குரல், சுத்தமான தமிழில்: "ஆன்ட்டி, இதோ வந்துட்டேன்!"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்க் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன்.